பிள்ளையின் தெரபிச் செலவுக்குக் கொழும்பில் உதவி தேடுவது எப்படி

தனியார் நிலையமொன்றில் பிள்ளைக்கு ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை), பிசியோ என்று தொடங்கிவிட்டால் செலவு மாதா மாதம் வரும். எப்போது முடியும் என்று யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். உதவி கேட்கப் போகிற இடத்தில் சிக்கல் ஆரம்பிப்பதும் இதனால்தான். "பிள்ளைக்குத் தெரபி செய்யவேணும், ஏதாவது உதவுங்கோ" என்று கேட்டால் பள்ளிவாசல் நிர்வாகமும் தயங்கும், லயன்ஸ் கழகமும் தயங்கும், கனடாவில் இருக்கிற மாமாவும் தயங்குவார். எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று தெரியாத ஒன்றுக்குள் காலை வைக்க யாருக்கும் பயம். அதையே "12 அமர்வு, மொத்தம் 42,000 ரூபா, அதில் 14,000 நாங்கள் கட்டுகிறோம், மிச்சம் 28,000 தேவை" என்று கேட்டுப் பாருங்கள். அதே ஆட்கள் உட்காரச் சொல்லிக் கதைப்பார்கள்.

ஆகவே, முடிவுள்ள ஒரு தொகையைக் கேட்கவேண்டும். அந்தத் தொகையை முதலில் குறைக்கவேண்டும், பிறகு கடதாசியில் நிரூபிக்கவேண்டும், கடைசியில் துண்டு துண்டாகப் பிரித்துப் பல இடத்தில் கேட்கவேண்டும். இங்கே வரும் கட்டணங்கள் கணக்குக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் நிலையத்தின் கட்டணத்தை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில் கடிதம்

உதவி கேட்டு எங்கே போனாலும் முதல் கேள்வி "டொக்டரின் கடிதம் இருக்கா?" என்பதுதான். தனியாகச் சேனல் பண்ணிப் பார்த்த விசேட வைத்திய நிபுணரின் கடிதம் கம்பனிக் காப்புறுதிக்குப் போதும். பிரதேச செயலகத்திலும் சமூக சங்கங்களிலும் அரச வைத்தியசாலை முத்திரை உள்ள கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் தனியாரில் காட்டிக்கொண்டிருந்தாலும் அரச கிளினிக் ஒன்றில் பிள்ளையின் பெயர் பதிவாகி இருக்கட்டும்.

அதற்கு வழி சிக்கலானதல்ல. தடுப்பூசி போடுகிற கிளினிக்கின் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃபிடம், பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேச்சு, நடை, பார்வை, பழக்கம் எதில் சந்தேகம் என்று சொன்னால் கிளினிக் வைத்தியர் மேலிடத்துக்கு எழுதித் தருவார். கொழும்பு நகரத்தில் பெரும்பாலும் அது பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையாக இருக்கும். தெஹிவளை, இரத்மலானைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில, வத்தளை, ஜாஎலப் பக்கத்தவர்களுக்கு ராகம.

கிளினிக்கில் கடிதம் கேட்கும்போது வைத்தியருக்கு நேரம் இருக்காது. வெளியே ஐம்பது பேர் நிற்பார்கள். "தெரபி தேவை" என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்துவிடுவார். அந்தக் கடிதத்தை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. என்னென்ன வேண்டும் என்று சின்னத் துண்டில் எழுதிக்கொண்டு போய் மரியாதையாக நீட்டுங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் அதைப் பார்த்தே எழுதிவிடுவார்கள். அந்தத் துண்டில் இருக்கவேண்டியவை:

– பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பிள்ளையின் முழுப்பெயரும் பிறந்த திகதியும்
– நோய் நிர்ணயம். முடிவாகவில்லை என்றால் "மதிப்பீட்டில் உள்ளது" என்ற சொல்
– எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை மாதத்துக்கு
– அரச வைத்தியசாலையில் அந்த அளவுக்குக் கிடைக்காததற்கான காரணம்: காத்திருப்புப் பட்டியல், தூரம், தமிழில் தெரபி செய்பவர் இல்லாமை
– திகதி, கையொப்பம், பதவி முத்திரை

பெயரில்தான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருக்கும். கிளினிக் கொப்பியில் ஓர் எழுத்துத்தான் இருக்கும். நிலையத்தின் ரிசீட்டில் வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர். சிங்களத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொன்று மாறும். காப்புறுதியிலும் பிரதேச செயலகத்திலும் இது ஒரே பிள்ளைதானா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் நாளே பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்து, அதைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள்.

மூலக் கடிதத்தை யாரிடமும் கொடுக்கவேண்டாம். ஐந்து பிரதி எடுத்து வையுங்கள், ஃபோனிலும் தெளிவாக ஒரு படம் இருக்கட்டும். மூலத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடவேண்டாம்

தனியாரில் தொடங்கியதும் பலர் அரச வைத்தியசாலை வரிசையில் இருந்து விலகிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. லேடி ரிட்ஜ்வேயிலும் மற்றப் பெரிய அரச வைத்தியசாலைகளிலும் இந்தச் சேவைகளுக்குக் கட்டணம் கிடையாது. குறை, இடைவெளிதான். ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் நடுவில் வாரங்கள் போய்விடும். அப்படி இருந்தாலும் அந்த அமர்வு இரண்டு வகையில் காசு மிச்சம் பிடித்துத் தரும். மறுமதிப்பீட்டைத் தனியாரில் செய்யாமல் அங்கே செய்துகொள்ளலாம். உதவி புதுப்பிக்கக் கேட்கிறபோது தேவைப்படுகிற புதிய கடிதமும் அங்கேயே கிடைக்கும்.

ராகமயில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து அயதி நிலையம் இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்டது. ஸ்பீச், ஓ.டி., பிசியோ எல்லாம் ஒரே கூரையின் கீழ், கட்டணமின்றி. பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பும் அந்த மருத்துவ பீடத்தில் நடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்கள் கோட்டையிலோ மருதானையிலோ ரயில் மாறிப் போகலாம். த்ரீவீலில் போனால் இலவசத் தெரபிக்குத் தனியாரின் செலவு ஆகிவிடும்.

பெயர் பதியும்போது "யாராவது வராமல் விட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவோம்" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கிட்ட இருப்பவர்களுக்கு இடைநடுவில் இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஃபோன் நம்பர் மாற்றினால் முதல் வேலையாக அங்கே போய் மாற்றுங்கள். கூப்பிட்டும் எடுக்காதவரின் பெயர் பட்டியலில் கீழே போய்விடும்.

மொழி விஷயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். பிசியோவுக்கு மொழி அவ்வளவு தடையில்லை. ஸ்பீச் தெரபிக்கு வீட்டில் பேசுகிற மொழிதான் அடிப்படை. அரச வைத்தியசாலையில் கிடைத்த சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதைக் குறையாகச் சொல்லி ஒதுங்கவேண்டாம். வைத்தியரின் கடிதத்தில் அதை எழுதி வாங்குங்கள். "அரச வைத்தியசாலையில் வசதி இருந்தும் தனியாருக்கு ஏன் போகிறீர்கள்" என்று எந்தச் சங்கமும் கேட்கும். அதற்கு அந்த ஒரு வரியைவிட நல்ல பதில் கிடையாது.

பில்லைக் குறைத்தல்

முதலில் சொன்ன 42,000 முழுக் கணக்கு அல்ல. ஓர் அமர்வு 3,500 வீதம் 12 அமர்வுக்கு அது சரி. முதல் மதிப்பீட்டுக்கு 6,000, போகவர த்ரீவீலுக்கு ஒரு தடவைக்கு 900 வீதம் 10,800 சேர்த்தால் 58,800 வரும். அம்மா நாட்கூலிக்கு வேலை செய்கிறவராக இருந்தால் இழந்த கூலி தனி. இதைப் போடாமல் தொடங்குகிறவர்கள் ஐந்தாம், ஆறாம் அமர்வில் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நின்ற தெரபிக்கு மறுபடி உதவி கேட்பது மிகவும் கஷ்டம்.

நிலையத்தில் சேர்க்கும் முன் இவற்றைக் கேளுங்கள். அமர்வு 30 நிமிடமா 45 நிமிடமா? அதில் பெற்றோருக்கு விளக்குகிற நேரமும் அடங்குமா? பெற்றோர் உள்ளே இருக்கலாமா? குழு அமர்வு உண்டா, அதற்கு என்ன கட்டணம்? வராமல் விட்டால் காசு போகுமா, எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சொன்னால் போகாது? அறிக்கைக்குத் தனிக் கட்டணமா? வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குறைப்பு உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல நிலையங்களில் குறைத்துக் கொடுப்பார்கள். பலகையில் எழுதிப் போடமாட்டார்கள், அவ்வளவுதான். பகல் 11 மணி, 2 மணி போன்ற ஆள் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் குறைப்புக் கிடைப்பது இன்னும் எளிது. பின்னேரமும் சனிக்கிழமையும் எல்லோரும் கேட்கிற நேரம். அதற்குக் குறைக்கமாட்டார்கள்.

அடுத்தது, வாரம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கலாமா என்று சிகிச்சையாளரிடமே கேட்பது. எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. முடிவைப் பெற்றோர் தனியாக எடுக்கவும் கூடாது. பொருந்துகிற பிள்ளைக்கு, நடுவில் வீட்டில் செய்யவேண்டியதை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் செய்தால், அதே மூன்று மாதத்துக்கு 6 அமர்வு 21,000, த்ரீவீல் 5,400, மதிப்பீடு 6,000, மொத்தம் 32,400. உதவி கேட்கவேண்டிய தொகை இங்கேயே பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. வீட்டுப் பயிற்சியைச் செய்யாமல் அமர்வை மட்டும் குறைத்தால் காசும் போகும், பிள்ளையின் காலமும் போகும்.

"24 அமர்வுக்கு இப்போதே கட்டினால் 15 வீதம் கழிவு" என்று சொல்வார்கள். முதல் நான்கு அமர்வு முடியும்வரை அதைத் தொடவேண்டாம். பிள்ளைக்கும் சிகிச்சையாளருக்கும் ஒத்துப்போகிறதா என்று அப்போதுதான் தெரியும். சிகிச்சையாளர் இடையில் வெளிநாடு போய்விட்டால் மீதிக் காசைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் இன்று இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

சிகிச்சையாளரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிந்ததா என்பதையும் பாருங்கள். இது சந்தேகப்பட்டுக் கேட்கிற கேள்வி மட்டுமல்ல. பதிவு இலக்கம் இல்லாத ரிசீட்டைக் காப்புறுதி ஏற்காது, பெரிய சங்கங்களும் ஏற்கத் தயங்கும். "பிள்ளை உளவியல் ஆலோசகர்" என்று பலகை போட யாராலும் முடியும். அந்த விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அரசிடம் கேட்கக்கூடியது

தனியார் தெரபிக் கட்டணத்தை அரசு நேராகக் கட்டாது. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் குறையும். அரசிடமிருந்து கிடைப்பது மாதக் கொடுப்பனவும் துணைச்சாதனங்களும். அந்தக் காசைத் தெரபிக்குத் திருப்புவது உங்கள் கையில்.

குறைந்த வருமானக் குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளுக்காகவும் விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகவேண்டும். கொழும்பு நகரத்தில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை திம்பிரிகஸ்யாய. வாடகை வீட்டுக்காரர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வாக்காளர் பதிவு ஊரில், இருப்பது கொழும்பில் என்றால் இங்குள்ள கிராம உத்தியோகத்தர் வதிவிடச் சான்று தரத் தயங்குவார். மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து குடியிருப்பவர்கள் முதலில் இங்கே பதிவை மாற்றவேண்டும், அல்லது ஊர்ப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டு இடத்திலும் கிடைக்காது.

அஸ்வெசும வேறு, இந்தக் கொடுப்பனவு வேறு. அஸ்வெசும குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துத் தருவது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வந்துவிடாது. உத்தியோகத்தரிடம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சக்கர நாற்காலி, செவிப்புலன் கருவி போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் உதவுகிறது. அதற்கும் இதே சமூக சேவை உத்தியோகத்தர் வழிதான். செயற்கைக் கால் தேவைப்படுகிற பிள்ளைக்குக் கொழும்பு 2 இல் ஜெய்ப்பூர்க் கால் செய்கிற ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி (Friend-in-Need Society) என்ற சங்கம் இருக்கிறது. சாதனத்துக்கு உங்கள் காசு போகாவிட்டால் அந்தக் காசு அமர்வுக்கு மிஞ்சும்.

ஜனாதிபதி நிதியத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 2025 இலிருந்து அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு போல நிதியத்தின் அலுவலகத்துக்கே அலையவேண்டியதில்லை. ஆனால் அதன் மருத்துவ உதவி சத்திரசிகிச்சை போன்ற பெரிய மருத்துவச் செலவுகளை நோக்கியது. வாராந்த ஸ்பீச் தெரபிக்கு அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டாம்.

படிவங்கள் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்று சொன்னால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை உண்டு. அதே நேரம், வேலை சீக்கிரம் நடக்கவேண்டுமென்றால் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி மேலே வைத்துக் கொடுப்பதில் தவறில்லை. எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். அடுத்த தடவை போகும்போது உத்தியோகத்தர் மாறிப்போயிருப்பார். அந்த முத்திரைதான் சாட்சி.

வேலையிடமும் காப்புறுதியும்

கம்பனி மருத்துவக் காப்புறுதி இருந்தால் இரண்டு பகுதியைப் பாருங்கள். வெளிநோயாளர் செலவுக்கு வருட எல்லை எவ்வளவு, விலக்கப்பட்டவை எவை. விலக்குப் பட்டியலில் "பிறவிக் குறைபாடு", "வளர்ச்சிக் குறைபாடு", "நடத்தைப் பிரச்சினை" என்ற சொற்கள் இருந்தால் ஓட்டிசத்துக்கான தெரபி பெரும்பாலும் அடிபட்டுப் போகும். விபத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ பின்னான பிசியோ அப்படியல்ல. அது பல திட்டங்களில் கிடைக்கும். அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். வைத்தியரின் பரிந்துரைத் திகதி முதல் அமர்வுக்குப் பிந்தியதாக இருக்கும். ரிசீட்டில் "கட்டணம்" என்று மட்டும் இருக்கும், என்ன சேவை, எத்தனை அமர்வு என்று இருக்காது. மூன்று மாத ரிசீட்டை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க, முதல் மாதத்துடையது காலம் கடந்திருக்கும். மாதம் முடிந்ததும் அந்த மாதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

காப்புறுதி மறுத்தாலும் கதை முடியவில்லை. பெரிய கம்பனிகளில் ஊழியர் நலன்புரிச் சங்கம் இருக்கும். வட்டியில்லாக் கடனோ ஒருமுறை உதவியோ அங்கே கிடைக்கும். மனிதவளப் பிரிவில் கேட்காமல் நேராகச் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கிற வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உண்டு. மருத்துவத்துக்கு எடுக்க, குறித்த நோய்ப் பட்டியலுக்குள் வரவேண்டும். தெரபிக்காக வயதுகாலச் சேமிப்பைத் தொடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பள்ளிவாசல், கோவில், தேவாலயம், கழகம்

கொழும்பில் தனியார் தெரபிக் காசு உண்மையில் அதிகம் கிடைப்பது இங்கேதான். சின்னத் தொகை, கிட்டத்து ஆட்கள், சீக்கிரமான பதில்.

முஸ்லிம் குடும்பங்கள் முதலில் தங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் கடிதம் எடுக்கவேண்டும். வேறு ஸகாத் அமைப்புக்குப் போனாலும் அந்தக் கடிதத்தைத்தான் கேட்பார்கள். ஸகாத் பெரும்பாலும் ரமழானை ஒட்டிப் பங்கிடப்படும். நோன்பு தொடங்கியபின் போனால் பட்டியல் முடிந்திருக்கும். அதற்கு முந்திய ரஜப், ஷஃபான் மாதங்களிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வருடத்தின் மற்ற மாதங்களில் ஸதகாவாகக் கேட்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபை நல்ல தொடக்கம். அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெருந்தொகைக்குக் கொழும்பு உயர்மறைமாவட்டத்தின் செத் சரண என்ற சமூக சேவை அமைப்பு இருக்கிறது. இந்துக் குடும்பங்களுக்கு அப்படி ஒரே கதவு கிடையாது. கோவில் அறங்காவலர் சபை, ஊர்ச் சங்கம், படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் என்று மூன்றிடத்தில் கேட்கவேண்டிவரும். கொழும்பிலுள்ள யாழ்ப்பாண, மலையகப் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஒரு வட்ஸ்அப் செய்தியில் 28,000 சேர்ந்துவிடக்கூடும்.

லயன்ஸ், ரோட்டரி கழகங்களின் வருடம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். புதிய தலைவர் வந்து திட்டங்கள் தேடுகிற ஜூலை, ஓகஸ்ட்டில் கேளுங்கள். மே மாதத்தில் பணம் முடிந்திருக்கும். கழகத்துக்குச் சாதனமோ முழுமையான ஒரு தொகுதியோ பிடிக்கும். மாதாந்தக் கட்டணம் பிடிக்காது.

எங்கே கொடுத்தாலும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, எங்கள் மகனுக்கு நான்கு வயது. பேச்சு வளர்ச்சித் தாமதம் என்று லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை வைத்தியர் உறுதிப்படுத்தியுள்ளார் (கடிதம் இணைப்பு 1). வாரம் ஒரு பேச்சுச் சிகிச்சை தேவை. அரச வைத்தியசாலையில் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை தமிழில் சிகிச்சை தரும் தனியார் நிலையத்தில் 12 அமர்வு எடுக்க விரும்புகிறோம். அமர்வொன்று 3,500 ரூபா, மொத்தம் 42,000 (நிலையத்தின் விலைக்கூற்று இணைப்பு 2). மதிப்பீடு, போக்குவரத்து, நான்கு அமர்வு ஆகியவற்றுக்கான 30,800 ரூபாவை நாங்கள் ஏற்கிறோம். மீதி எட்டு அமர்வில் நான்கிற்கு, அதாவது 14,000 ரூபாவுக்கு, உங்கள் உதவியைக் கேட்கிறோம். மற்ற நான்கிற்கு வேறொரு சங்கத்தைக் கேட்டுள்ளோம். பணத்தை நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகச் செலுத்தலாம்."

இதில் இரண்டு வரிக்குத்தான் பலம் அதிகம். குடும்பம் தன் பங்கைக் கட்டுகிறது என்பது ஒன்று, பணம் நிலையத்துக்கு நேராகப் போகலாம் என்பது மற்றது. வேறு சங்கத்தையும் கேட்டிருப்பதை மறைக்காதீர்கள். கொழும்பில் இந்தச் சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மறைத்தது வெளிவந்தால் இரண்டும் போய்விடும்.

வெளிநாட்டுச் சொந்தங்களும் ஃபேஸ்புக்கும்

ரொறன்ரோ அத்தையிடம் ஒரு பெரிய தொகையாகக் கேட்பதைவிட, "மாதம் இரண்டு அமர்வை நீங்கள் பாருங்கோ" என்று கேளுங்கள். அவரும் நிலையத்துக்கு நேராக அனுப்பலாம். மாத முடிவில் சிகிச்சையாளரின் குறிப்பை ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். கேட்காமலே அடுத்த மாதமும் வரும்.

இணையத்தில் பொதுவாகக் காசு சேர்ப்பதில் ஒரு தடை உண்டு. கோஃபண்ட்மீ போன்ற தளத்தில் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் எடுக்கமுடியாது. அங்குள்ள சொந்தக்காரர் தன் பெயரில் தொடங்கவேண்டும், பொறுப்பும் அவருடையதே. அதைவிட முக்கியம், பிள்ளையின் முகமும் பெயரும் நோயும் வங்கி நம்பரும் ஒரே படத்தில் இருக்கிற பதிவைப் போடாதீர்கள். அதைத் திருடி வேறு கணக்கு நம்பரோடு பரப்புகிறவர்கள் உண்டு. பிள்ளை பெரியவனாகிப் பாடசாலை போகும்போதும் அந்தப் படம் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். முகம் தெரியாத படம், வயது, தேவை, தொகை, நிலையத்தின் பெயர் போதும்.

அடகும் சீட்டும்

நகையை அடகு வைப்பது கொழும்புத் தமிழ் வீடுகளில் முதல் யோசனையாகவே வரும். ஒருமுறைச் செலவுக்கு அது பரவாயில்லை: முதல் மதிப்பீடு, ஒரு கருவி, காப்புறுதிக் காசு வரும்வரையான இடைவெளி. மாதா மாதம் தொடரும் அமர்வுக்கு அடகு வைத்தால் வட்டியும் மாதா மாதம் தொடரும், மீட்பதற்கு ஒரு நாளும் வராது. சீட்டுப் பிடிப்பவர்கள் முதலிலேயே கழிவுக்கு எடுக்காமல் நடுவில் எடுத்தால் கையில் கூடுதலாக வரும். கிரெடிட் கார்ட் தவணைக்கு முன் வட்டியில்லாதது என்ற சொல்லுக்குக் கீழே கையாளும் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள்.

காசு கிடைத்தபின்

ஒரு ஃபைல் போதும். இடது பக்கம் கடிதங்கள், வலது பக்கம் ரிசீட்டுகள், நடுவில் ஒரு தாள். அதில் அமர்வின் திகதி, கட்டிய தொகை, யார் கட்டியது, அன்று என்ன செய்தார்கள் என்று ஒரு வரி. எட்டாம் அமர்வுக்குப் பிறகு சிகிச்சையாளரிடம் அரைப் பக்க முன்னேற்றக் குறிப்பு ஒன்று கேளுங்கள். 12 முடிந்தபின் கேட்டால் அது வந்து சேர்வதற்குள் நடுவில் ஒரு மாதம் விழுந்துவிடும். புதுப்பிக்கக் கேட்கவேண்டிய நேரம் ஒன்பதாவது அமர்வு. அப்போது குறிப்பு கையில் இருக்கும், பிள்ளையின் இடமும் நிலையத்தில் இருக்கும்.

ஒரு சங்கம் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். "இந்தக் காலாண்டில் நிதி இல்லை" என்றால் எப்போது வரலாம் என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். "எங்கள் எல்லைக்குள் வராது" என்றால் யாரிடம் போகலாம் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு பெயர் சொல்வார்கள். கடிதத்தில் குறை என்றால் அந்தக் குறையைத் திருத்தி இரண்டு வாரத்துக்குள் திரும்பப் போங்கள். அதற்குமேல் விட்டால் உங்கள் முகத்தை மறந்துவிடுவார்கள்.

அரச வைத்தியசாலையில் இடையில் இடம் கிடைத்து, தனியாரில் பத்தாவது அமர்வோடு நிறுத்தவேண்டி வந்தால், கட்டிய சங்கத்துக்கு உடனே சொல்லுங்கள். மீதி 7,000 ரூபா நிலையத்தின் கணக்கில் கிடக்கும். அதை இன்னொரு பிள்ளைக்கு மாற்றச் சொல்வதா, திருப்பி எடுப்பதா என்று தீர்மானிக்கவேண்டியவர்கள் அவர்கள்.